கடவுளை நம்ப வரவில்லையா? உங்களிடமிருந்து தொடங்குங்கள்

"கோயிலுக்குப் போகிறேன், விளக்கேற்றுகிறேன், ஸ்லோகம் கூடச் சொல்கிறேன், ஆனால் மனசு ஒட்டவே மாட்டேன் என்கிறது." ஆன்மிகத்துக்குள் புதிதாக வருகிறவர்கள் பலர் ஏதோ ஒரு விதத்தில் இதைத்தான் சொல்கிறார்கள். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் அடுத்த வாக்கியமும் வந்துவிடும்: "என்னை மாதிரி ஆளுக்கெல்லாம் அது வராது போல." சிக்கல் இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேண்டிக்கொள்ளவே தனக்குத் தகுதி இல்லை என்று உள்ளுக்குள் முடிவு செய்துவிட்டுக் கைகூப்புகிறவருக்கு எதிரில் எந்தத் தெய்வம் வந்து நின்றால்தான் என்ன? தன் வாயிலிருந்து வருகிற வேண்டுதலையே நம்பாதவர், அதைக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதை மட்டும் எப்படி நம்புவார்?

1896 நவம்பரில் லண்டனில் நடைமுறை வேதாந்தம் பற்றிப் பேசியபோது விவேகானந்தர் இதை ஒரே போடாகப் போட்டார். கடவுளை நம்பாதவன் நாத்திகன் என்றன பழைய மதங்கள், தன்னை நம்பாதவனே நாத்திகன் என்கிறது புதிய மதம் என்றார். காலண்டரிலும் பள்ளிக்கூடச் சுவரிலும் பார்த்துப் பார்த்து இந்த வரி நமக்குப் பழகிப்போய்விட்டது, அதனால் அது எவ்வளவு நடைமுறையான யோசனை என்பது கண்ணில் படுவதில்லை. அதோடு சேர்த்து அவர் சொன்ன இன்னொன்றை யாரும் சுவரில் எழுதுவதும் இல்லை: இது சுயநலமான நம்பிக்கை அல்ல, எல்லாருக்குள்ளும் இருப்பது ஒன்றே என்பதால் தன்னை நம்புவது என்றால் எல்லாரையும் நம்புவது என்றார். இந்த இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த வழிபாட்டுச் சூழலிலிருந்து எழுதுவதால் உதாரணங்கள் அங்கிருந்தே வருகின்றன. வேறு மதத்தில் இருப்பவர்கள் உங்கள் ஜெபத்தையோ தொழுகையையோ அந்த இடத்தில் வைத்துப் படித்துக்கொள்ளுங்கள், முறை பெரிதாக மாறாது.

முதலில், தன்னம்பிக்கை என்றால் எது இல்லை

கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று பத்து தடவை சொல்வதை நான் சொல்லவில்லை. பயமே இல்லாத ஆளாக மாறுவதையும் சொல்லவில்லை. பயம் போன பிறகுதான் ஆரம்பிப்பேன் என்றால் ஒருவரும் ஆரம்பிக்க முடியாது.

விவேகானந்தரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிகாகோவில் அவர் எழுந்து பேசினார், அரங்கமே கைதட்டியது என்று மட்டும்தான் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய சில வாரங்கள் எப்படி இருந்தன தெரியுமா? அவர் பேசிய சர்வமத மகாசபை செப்டம்பரில், இவர் போய்ச் சேர்ந்தது ஜூலை கடைசியில். கையில் எந்த அமைப்பின் அறிமுகக் கடிதமும் இல்லை, பிரதிநிதியாகப் பதிவு செய்யும் காலமும் முடிந்திருந்தது, கொண்டுபோன பணமும் கரைந்துகொண்டிருந்தது. அந்தப் பணமே சென்னையில் அளசிங்கப் பெருமாள் என்கிற பள்ளி ஆசிரியரும் அவருடைய நண்பர்களும் வீடு வீடாக ஏறி இறங்கித் திரட்டியதுதான், அதில் கணிசமான பங்கு நடுத்தரக் குடும்பங்கள் கொடுத்தது. பாஸ்டன் பக்கம் போனபோது ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட் பழக்கமாகி, அவர் கொடுத்த கடிதத்தோடு திரும்பிவந்தால், போகவேண்டிய விலாசம் தொலைந்துவிட்டது. அந்த இரவு ரயில்வே சரக்கு யார்டில் ஒரு காலிப் பெட்டியில் படுத்துத் தூங்கியிருக்கிறார்.

அப்புறம் 1893 செப்டம்பர் 11. மேடையில் உட்கார்ந்திருக்கிறார், காலையில் கூப்பிடுகிறார்கள், எழுந்திருக்கவில்லை. பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறார். நெஞ்சு படபடத்தது, நாக்கு கிட்டத்தட்ட உலர்ந்துவிட்டது, காலையில் பேசத் துணியவே இல்லை என்று பின்னாளில் அளசிங்கருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். மற்றவர்கள் எல்லாம் உரையைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தார்கள், இவரிடம் ஒன்றும் இல்லை. கடைசியில் என்ன செய்தார் என்பதும் அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது: சரஸ்வதியை மனதில் வணங்கிவிட்டு எழுந்து போனார்.

இந்த ஒரு இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். வணங்கியது தெய்வத்தை, எழுந்து நடந்தது அவருடைய கால். வணக்கம் மட்டும் போதும் என்று உட்கார்ந்தே இருந்திருந்தால் சிகாகோ இல்லை. படபடப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தாலும் சிகாகோ இல்லை. பயத்தோடேயே எழுந்து போவதைத்தான் இந்தக் கட்டுரை முழுக்க நான் தன்னம்பிக்கை என்று சொல்லப் போகிறேன்.

படி 1: உங்கள் வாயை ஒரு வாரம் கவனியுங்கள்

மாற்ற வேண்டாம், கவனித்தால் போதும். "எனக்கு எதுவும் சரியா வராது", "நம்ம ராசி அப்படி", "நான் ஒரு சோம்பேறி", "எனக்கெல்லாம் யார் செய்யப் போறாங்க" என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்பது கவனிக்கும்வரை தெரியாது. போனில் ஒரு குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிவையுங்கள். வார முடிவில் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் மூன்று நான்கு வாக்கியங்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அவற்றில் ஒன்றிரண்டு உங்களுடையவையே அல்ல என்பதும் தெரியும். எட்டாம் வகுப்பில் ஒரு வாத்தியார் சொன்னது, சித்தப்பா ஒரு கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னது. அவர்கள் சொல்லிவிட்டு மறந்து போயிருப்பார்கள், நீங்கள்தான் அவர்களுக்காக இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதோடு இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும்போது யாரிடம் போகிறீர்கள்? சனிப் பெயர்ச்சிப் பலனைப் படித்துவிட்டு ஒரு பரிகாரம், அது சரிப்படவில்லை என்று இன்னொரு ஜோதிடர், அவர் சொன்ன கோயில், பிறகு யாரோ யூட்யூபில் சொன்ன எண், கையில் ஒரு கயிறு, அதன் மேல் இன்னொரு கயிறு. ஜோதிடம் பார்ப்பது தவறு என்று சொல்ல வரவில்லை, நம் வீடுகளில் அது காலம் காலமாக இருக்கிறது. ஆனால் இப்படி இடம் இடமாக ஓடுகிறவருக்குத் தெய்வ நம்பிக்கை அதிகம் என்று வெளியே தெரிந்தாலும் உண்மையில் ஒரு பரிகாரத்தின் மீதுகூட அவருக்கு முழு நம்பிக்கை கிடையாது, இருந்தால் அடுத்ததற்கு ஏன் போகிறார்? தன்னை நம்பாதவர் எதையும் கெட்டியாகப் பிடிக்க மாட்டார், யார் கொஞ்சம் அடித்துப் பேசுகிறாரோ அவர் பின்னால் போய்விடுவார். போலிச் சாமியார்களுக்குச் சோறு போடுவது இந்தப் பலவீனம்தான். எனக்கு இதில் நிஜமாகவே கோபம் உண்டு. வீட்டுப் பத்திரம் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

படி 2: ஒரு சின்ன வாக்கைக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள்

எல்லாவற்றையும் விட முக்கியமான படி இது, மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நம் மீது நமக்கு நம்பிக்கை போனதற்கு ஒரு பெரிய காரணம், நமக்கு நாமே சொன்ன வார்த்தையை நாமே மீறிக்கொண்டிருப்பது. நாளையிலிருந்து ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன், இனி கோபப்பட மாட்டேன், தினமும் சகஸ்ரநாமம் சொல்வேன். மூன்றாம் நாள் விட்டுவிடுகிறோம். வெளி ஆள் ஒருவர் நம்மிடம் இப்படிச் சொல்லிச் சொல்லி ஏமாற்றினால் நாலாவது தடவை அவர் பேச்சைக் காதில் வாங்குவோமா? அதுதான் உள்ளேயும் நடக்கிறது. ஆகவே திரும்பக் கட்டுவதற்கும் வழி அதுவே, சொன்னதைச் செய்ய வேண்டும், செய்ய முடிந்ததை மட்டும் சொல்ல வேண்டும்.

ஏழு நாள் போதும். காலையில் பல் தேய்த்ததும் போனைத் தொடாமல் சுவாமி படத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் நிற்பது. அல்லது சாயங்காலம் ஒரு விளக்கு. அல்லது ஒரே ஒரு பாட்டு. "இவ்வளவுதானா" என்று உங்களுக்கே அற்பமாகத் தோன்ற வேண்டும், அப்போதுதான் அளவு சரி. காய்ச்சலில் படுத்தாலும் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். யாரிடமும் சொல்லாதீர்கள், ஸ்டேட்டஸும் வேண்டாம். சொன்னதுமே பாதி செய்துவிட்ட திருப்தி வந்து மீதிப் பாதி நின்றுபோய்விடும். ஏழு நாள் முடிந்ததும் இன்னொரு ஏழு. அப்புறம்தான் மண்டலம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வெளியில் எங்கேயும் தேட வேண்டியதில்லை, கார்த்திகை ஒன்றாம் தேதி காலையில் ஏதாவது ஒரு கோயில் வாசலில் நின்றால் தெரியும். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களில் எத்தனை விதமான ஆட்கள்! ஒரு நாள் கூட குடிக்காமல் இருக்க முடியாதவர், வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை வருகிறவர், வருஷம் முழுக்க ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்திராதவர். குருசாமி கையால் மாலை விழுந்ததும் அதே ஆள் விடியற்காலை இருட்டில் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார், வெறுங்காலோடு வேலைக்குப் போகிறார், பாயில் படுக்கிறார், மீனும் கறியும் மணக்கிற ஓட்டலைத் தாண்டிப் போகிறார். 41 நாள். மனைவி கேட்டு, அம்மா அழுது, டாக்டர் பயமுறுத்தி நடக்காதது அந்த 41 நாளில் நடக்கிறது.

கேட்டால் "எல்லாம் ஐயப்பன் பாத்துக்கிட்டாரு" என்பார். அது உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் டாஸ்மாக் வாசலைத் தாண்டி நடந்த கால்கள் யாருடையவை? ஐயப்பன் மேல் வைத்த நம்பிக்கை அவருக்குள் இருந்த ஏதோ ஒன்றை எழுப்பிவிட்டது, அது அவருக்குள் ஏற்கெனவே இருந்தது. இன்னொன்றும் நடக்கிறது, அதை நாம் கவனிப்பதில்லை. அந்த 41 நாளும் எல்லாரும் அவரைச் "சாமி" என்று கூப்பிடுகிறார்கள். பெற்ற பிள்ளை கூப்பிடுகிறது, டீக்கடைக்காரர் "சாமி, சர்க்கரை கம்மியா?" என்கிறார், பஸ் கண்டக்டர் "சாமி உள்ள போங்க" என்கிறார். இவரும் எதிரே வருகிற மாலை போட்டவரை, அவர் யாராக இருந்தாலும், என்ன சாதியாக இருந்தாலும், சாமி என்றே கூப்பிடுகிறார். தன்னைத் தெய்வமாகவும் பிறரைத் தெய்வமாகவும் நடத்தும் பயிற்சி அது. இருமுடியைத் தலையில் வைத்துப் பதினெட்டுப் படி ஏறிப் போனால் அங்கே எழுதியிருப்பதும் அதுதானே, "தத்வமஸி", நீயே அது. பெண்களில் பலர் சிவப்புச் சேலை கட்டி இருமுடி எடுத்து மேல்மருவத்தூர் போகிறார்கள், தைப்பூசத்துக்குப் பழனிக்குக் கால் கொப்பளிக்க நடக்கிறவர்கள் இருக்கிறார்கள், வேளாங்கண்ணிக்கும் அப்படியே நடக்கிறார்கள். எல்லாவற்றிலும் நடப்பது இதுவே.

மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே பழையபடி ஆகிவிடுகிறவர்களும் உண்டு என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. ஆமாம், உண்டு. 41 நாள் இருந்தது மாலையின் பலம், தன்னுடையது இல்லை என்று நினைத்துவிடுவதால்தான் அப்படி ஆகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் நீங்கள் எந்த விரதம் இருந்தாலும் முடிந்த அன்று உட்கார்ந்து ஒரு வேலை செய்யுங்கள்: இந்த நாட்களில் என்னென்ன செய்தேன் என்று வரிசையாக எழுதுங்கள். "நாலரைக்கு எழுந்தேன். மச்சான் கூப்பிட்டும் பாருக்குப் போகவில்லை. அண்ணன் திட்டியபோது பதில் பேசவில்லை." கடவுள் செய்தார் என்பதைக் கடைசி வரியாக எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் நீங்கள் செய்ததை விட்டுவிடாதீர்கள்.

படி 3: தினம் பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள்

முதல் இரண்டு மூன்று வாரம் போன பிறகு இது. ஒரே இடம், முடிந்தவரை ஒரே நேரம். பாயோ மடித்த போர்வையோ போதும், முட்டி வலி இருந்தால் நாற்காலி. முதுகு நேராக இருக்கட்டும். மூச்சு போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருங்கள், அல்லது பிடித்த ஒரு நாமத்தை மெதுவாகச் சொல்லுங்கள். பத்து நிமிடம் என்று போனில் அலாரம் வைத்துவிட்டுத் தள்ளி வையுங்கள்.

மனசு ஓடும். கரண்ட் பில், ஆபீஸ் சண்டை, காலையில் பார்த்த வீடியோ என்று ஓடும். "எனக்குத் தியானம் வரவில்லை" என்று பெரும்பாலானோர் விட்டுவிடுவது இங்கேதான். ஓடியதை யார் கவனித்தது? கவனித்த அந்த ஒருவர் ஓடவில்லையே. இந்தச் சின்ன விஷயத்தில் தங்கிப் பாருங்கள். கோபம் வந்துபோகிறது, பயம் வந்துபோகிறது, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணமும் வந்துபோகிறது, அதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒன்று அங்கேயே இருக்கிறது. திருவண்ணாமலையில் ரமணர் தன்னிடம் வந்தவர்களைத் திரும்பத் திரும்ப இந்த இடத்துக்குத்தான் கொண்டுவந்தார், இந்த எண்ணம் யாருக்கு வருகிறது என்று பார் என்பார். தத்துவமாகப் புரிய வேண்டும் என்று அவசரமில்லை. நம்பத் தகுந்த ஒன்று உள்ளே இருக்கிறது என்ற லேசான சந்தேகம் வந்தால் கூட ஆரம்பத்துக்குப் போதும்.

படி 4: கேள்வி கேட்கப் பயப்படாதீர்கள்

சந்தேகம் வந்தால் பாவம் என்று நினைப்பவர்கள் நரேந்திரன் என்கிற கல்லூரி மாணவன், அதாவது பின்னாளில் விவேகானந்தர் ஆனவர், தன் குரு ராமகிருஷ்ணரிடம் எப்படி நடந்துகொண்டான் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1881 வாக்கில் முதல் சந்திப்பு. கடவுளைப் பார்த்திருக்கிறீர்களா என்று நேராகவே கேட்டான். உருவ வழிபாட்டை வருஷக்கணக்கில் ஏற்கவில்லை, அவர் முன்னாலேயே மறுத்துப் பேசினான். காசைத் தொட்டாலே அவருக்கு உடம்பு கூசும் என்று கேள்விப்பட்டு, அவர் இல்லாத நேரத்தில் படுக்கைக்கு அடியில் ஒரு நாணயத்தை ஒளித்து வைத்தான். அவர் வந்து உட்கார்ந்ததும் துள்ளி எழுந்தார். விஷயம் தெரிந்தபின் கோபப்பட்டாரா? இல்லை, சந்தோஷப்பட்டார். காசு மாற்றுகிறவன் நாணயத்தைத் தட்டிப் பார்ப்பது போல என்னையும் சோதித்துப் பார் என்பதே சீடர்களுக்கு அவர் சொல்லிவந்தது.

ஒரு குருவிடமோ அமைப்பிடமோ போவதற்கு முன்னால் இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்டால் அவர் முகம் மாறுகிறதா? அவரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு உங்களுக்குத் தெம்பு கூடுகிறதா, அல்லது அவர் இல்லாமல் எதுவும் செய்ய முடியாது என்ற பயம் கூடுகிறதா? வீட்டாரிடமிருந்து உங்களைப் பிரிக்கிறாரா? பணத்தைப் பற்றிய பேச்சு எத்தனையாவது சந்திப்பில் வருகிறது? உடம்பையோ அறிவையோ ஆன்மாவையோ பலவீனமாக்குகிற எதையும் விஷம் என்று தள்ளச் சொன்னார் விவேகானந்தர். நம் ஊரில் இன்றைக்கு இதைவிடப் பயனுள்ள சோதனை எனக்குத் தெரியவில்லை.

நரேந்திரனின் கதையில் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. 1884-ல் அப்பா இறந்துபோனார், குடும்பம் ஒரே நாளில் தெருவுக்கு வந்த மாதிரி ஆனது, கடன்காரர்கள் ஒரு பக்கம், சொத்து வழக்கு ஒரு பக்கம், வேலை தேடிக் கல்கத்தா வெயிலில் பட்டினியோடு அலைந்தான். எனக்காகக் காளி அம்மாவிடம் நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள் என்று ராமகிருஷ்ணரிடம் கேட்டபோது அவர், நீயே போய்க் கேள் என்று காளி சந்நிதிக்கு அனுப்பினார். தனக்காக வேறொருவர் கேட்கட்டும் என்று நின்றவனை அவனுடைய காலாலேயே நடந்து போகச் சொன்னார். மூன்று தடவை போனான், மூன்று தடவையும் பணம் கேட்க வாய் வரவில்லை, விவேகமும் வைராக்கியமும் ஞானமும் பக்தியும் கொடு என்றே கேட்டுவிட்டு வந்தான். அத்தனை வருஷம் மறுத்தவன் கேள்விகளின் வழியாகவேதான் அந்தச் சந்நிதிக்கு வந்து சேர்ந்தான்.

படி 5: உடம்பை விட்டுவிடாதீர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். 1897-ல் சென்னையில் பேசும்போது, கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு நெருக்கமாகப் போவீர்கள் என்று நம் இளைஞர்களிடம்தான் விவேகானந்தர் சொன்னார். முதலில் உடம்பில் வலு வரட்டும், கீதை அப்புறம் நன்றாகப் புரியும் என்பது அவர் வாதம். இரவு ஒரு மணி வரை போன், காலையில் டீயும் பன்னும், நடையே கிடையாது என்றிருக்கிற உடம்பில் தன்னம்பிக்கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? தினமும் அரை மணி நேரம் நடங்கள். தூங்குங்கள்.

படி 6: இது அகங்காரமாகிவிடுமோ என்ற பயம்

நியாயமான பயம், வர வேண்டிய பயம்தான். தன்னை நம்பு என்றால் தலைக்கனம் வராதா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குப் பதிலாக நான் காட்டுவது அப்பரை.

பல்லவ மன்னனின் ஆட்கள் வந்து கூப்பிட்டபோது, நாம் யாருக்கும் குடியல்ல, எமனுக்கும் அஞ்சமாட்டோம் என்று பாடியவர் அவர். நீற்றறையில் அடைத்தார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லில் கட்டிக் கடலில் போட்டார்கள் என்று பெரிய புராணம் சொல்கிறது, எதற்கும் அசையவில்லை. அந்த மனிதரின் கையில் என்ன இருந்தது? உழவாரம். கோயில் பிராகாரத்தில் உட்கார்ந்து புல் செதுக்குகிற கருவி. இன்றும் எந்தச் சிவன் கோயிலில் பார்த்தாலும் நால்வர் வரிசையில் தோளில் உழவாரத்தோடு நிற்கிறவர் அவர்தான். அரசனிடம் பணியாதவர், எவன் எவனோ நடந்து போகிற தரையில் குனிந்து புல் பிடுங்கினார், பணி செய்து கிடப்பதே என் கடன் என்றார். இரண்டும் ஒரே மனிதருக்குள் எப்படி இருந்தன என்று கேட்டால், இரண்டும் ஒன்றுதான் என்பேன். தன்னை நம்புகிறவருக்குக் குனிவதில் எதுவும் குறைந்துபோவதில்லை. குனியவே முடியாமல் விறைத்துக்கொண்டு நிற்கிறவர் உள்ளுக்குள் பயந்தவராக இருப்பார்.

ஆகவே சோதனை எளிது. இந்த ஆறு மாதத்தில் உங்கள் நம்பிக்கை கூடியிருக்கிறதா? சரி, உங்கள் கீழே வேலை பார்ப்பவரிடம் நீங்கள் பேசும் விதம் எப்படி மாறியிருக்கிறது? வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம்? "உன்னால் முடியும்" என்று கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? விரதம் இருக்காத மாமனாரை மட்டமாக நினைக்கத் தோன்றினால் வளர்ந்திருப்பது வேறு ஏதோ. வாரம் ஒரு நாள் கோயிலிலோ பள்ளியிலோ தெருவிலோ உடம்பு வளைகிற ஏதாவது ஒரு வேலை செய்யுங்கள். உழவாரப் பணி செய்யும் குழுக்கள் பல ஊர்களில் இருக்கின்றன, புதியவர்களைச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்வார்கள்.

படி 7: விட்டுப்போனால்

விட்டுப்போகும். ஒரு நாள் எழுந்திருக்க மாட்டீர்கள், ஒரு நாள் மறந்தே போவீர்கள். அன்றைக்கே, நினைவு வந்த நிமிடத்தில், இரவு பதினொன்று ஆனாலும் சரி, அந்த இரண்டு நிமிடத்தை முடியுங்கள். "திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும்" என்பதற்கு இடம் கொடுக்காதீர்கள். தெய்வக் குற்றம் என்று பயப்படவும் வேண்டாம், இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டவும் வேண்டாம். அளவு பெரிதாக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றை வேறு பிரித்துப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பு இல்லை, இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றுகிறது என்றால் அது நம்பிக்கைக் குறைவு அல்ல, விரதத்தால் சரியாகிற விஷயமும் அல்ல. மனநல மருத்துவரைப் பாருங்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவரை நாம் பக்தி குறைந்தவர் என்று சொல்வதில்லை. இதற்கும் அப்படித்தான்.

சரணாகதி என்றால் தன்னை விடுவதுதானே?

கொஞ்ச நாள் போனதும் எல்லாரும் வந்து நிற்கிற கேள்வி இது. எல்லாம் அவன் செயல் என்கிறோம், நான் என்பதை விடு என்கிறோம், நீங்கள் என்னடா என்றால் தன்னை நம்பு என்கிறீர்களே என்று.

விபீஷணனைப் பாருங்கள். சரணாகதிக்கு வைணவர்கள் முதலில் சொல்லும் உதாரணம் அவன்தான். அண்ணனுக்கு நேராக நின்று நீ செய்வது தவறு என்றான், அரண்மனையை விட்டான், உறவை விட்டான், எதிரியின் முகாமுக்கு எதிரே வந்து நின்றான், அங்கே இருந்தவர்களில் பலர் இவனை நம்ப வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள், அப்போதும் நின்றான். சரணடைவதற்கு முன்னால் அவன் எடுத்த முடிவுகளை எண்ணிப் பாருங்கள், ஒவ்வொன்றும் தன் மனசாட்சியை நம்பி எடுத்தது. தன் தீர்ப்பின் மேல் நம்பிக்கை இல்லாத ஒருவனாக இருந்தால் இலங்கையிலேயே, கும்பகர்ணன் மாதிரி, தவறு என்று தெரிந்தும் இருந்துவிட்டிருப்பான். என்னால் எதுவும் முடியவில்லை, நீயே பார்த்துக்கொள் என்று கைவிரிப்பதையும் நாம் சரணாகதி என்றே சொல்லிவிடுகிறோம். அந்த வேண்டுதலையும் தெய்வம் கேட்காமல் போகாது என்றே நம்புகிறேன், ஆனால் அது களைப்பு. கொடுப்பதற்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும். முதலில் உங்களை உங்கள் வசத்துக்குக் கொண்டுவாருங்கள், பிறகு கொடுங்கள்.

அதனால் பிரார்த்தனை செய்யும்போது ஒரு மாற்றம் செய்துபாருங்கள். "எனக்கு இதைக் கொடு" என்று கேட்டு முடித்ததும் எழுந்து வந்துவிடாமல், அதே இடத்தில் நின்று, இதில் இன்றைக்கு நான் செய்யப்போவது என்ன என்று ஒரு வரி சொல்லுங்கள். வேலைக்காக வேண்டினால், "இன்று இரண்டு இடத்துக்கு விண்ணப்பம் போடுகிறேன்." பையனுக்காக வேண்டினால், "இன்று அவனைத் திட்டாமல் பத்து நிமிடம் பேசுகிறேன்." சொன்னதைச் செய்துவிட்டு, இரவு படுக்கப் போகும் முன் அதே படத்துக்கு முன்னால் வந்து செய்தேன் என்று சொல்லுங்கள், செய்யவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். இப்படிச் சில வாரம் போனால் வேண்டுதல் ஒரு பேச்சுவார்த்தை மாதிரி ஆகிவிடும், எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது தனியாக நம்ப வேண்டிய ஒன்றாகவே இருக்காது. ஏழு நாள் கணக்குக்கு நாள் பார்க்க வேண்டாம், வெள்ளிக்கிழமை வரட்டும் என்றும் இருக்க வேண்டாம், இன்று சாயங்காலமே தொடங்கிவிடலாம்.